நெல்டா கொண்டுவந்த சேதிகள்

செப்டம்பர் முதல் நவம்பர் வரை, சொந்த ஊரில் ஆட்டம் நடக்கிற சனிக்கிழமைகளில், கார்வர் பெண்ட் சூப்பர்மார்க்கெட்டில் ஈ காக்கை இருக்காது. ஊரே கல்லூரி மைதானத்தில் கிடக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் நெல்டா புரூயிட் சாமான் வாங்கப் போவாள். தள்ளுவண்டியை நடுவழியில் நிறுத்திவிட்டுத் தக்காளியை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்ப்பாள். யாரும் பின்னால் நின்று முனக மாட்டார்கள். மைதானத்துக் கூச்சல் வயல்களைத் தாண்டிக் காற்றில் மிதந்து வரும்போது கல்லாப் பெண் தலை தூக்கி, "பாயிண்ட் நாம போட்டோமா, அவங்க போட்டாங்களா மிஸ் நெல்டா?" என்று கேட்பாள். "எவன் போட்டா என்ன, வெங்காயத்துக்குப் பில் போடு" என்பாள் நெல்டா. எங்கள் பக்கம் கல்யாணமானவளையும் மரியாதைக்கு 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

பெயர்தான் கால்பந்து. முட்டை மாதிரி ஒரு பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுவான். மற்றவர்கள் அவன் மேல் விழுந்து அமுக்குவார்கள். முப்பத்தெட்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் நெல்டாவுக்கு அந்த ஆட்டத்தில் பிடிபட்டது அவ்வளவுதான். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் இருபத்தொன்பது வருஷமாகச் சமைக்கிறாள். நாள் முழுக்கப் பிள்ளைகள் கத்துவதைக் கேட்டுவிட்டு, சனிக்கிழமையும் போய்க் கத்தலுக்கு நடுவே உட்கார அவளுக்கு என்ன தலையெழுத்தா?

அவள் புருஷன் டெல்மர் அதற்கு நேர்மாறு. டயர் கடை வைத்திருந்தான். கடையில் எந்த வண்டி நின்றாலும் பேச்சு நாரைகளைப் பற்றித்தான். நாரைகள் என்பது எங்கள் கல்லூரி அணி. சுற்றிலும் நெல்வயல், தண்ணீர் கட்டினால் நாரை வந்து நிற்கும், அதனால் அந்தப் பெயர். எதிரிகள் சிங்கம், புலி என்று பெயர் வைத்துக்கொண்டு வந்து அடித்துவிட்டுப் போவார்கள். பதினாறு வருஷத்தில் ஆறு தலைமைப் பயிற்சியாளர்களைப் பார்த்துவிட்டோம். ஒவ்வொருவரும் ஜனவரியில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்குவார்கள். ஊருக்குக் கிறுக்குப் பிடிக்கும். "இந்த ஆளு வேற மாதிரி" என்போம். மூன்று வருஷம் தோற்றபின் ஒரு நவம்பரில், மூட்டையைக் கட்டு என்று சொல்லாமல் சொல்ல, அதே ஆளின் வீட்டுப் புல்தரையில், 'இந்த வீடு விற்பனைக்கு' என்று எழுதிய பலகையை ராவோடு ராவாக நட்டுவிட்டு வருவோம். அவற்றில் மூன்று பலகைகளை எழுதியது டெல்மர்தான். டயர் கடைப் பெயிண்ட், நல்ல பளிச்சென்ற வெள்ளை.

போன நவம்பரில் பலகை எழுத டெல்மருக்கு முடியவில்லை. அதற்கு முந்தின சனிக்கிழமை, இருபத்திரண்டாம் வரிசையில், முப்பது வருஷமாக உட்காருகிற அதே இடத்தில், கையிலிருந்த வேர்க்கடலைப் பொட்டலத்தோடு சரிந்து விழுந்தான். நெஞ்சைத் திறந்து மூன்று குழாய்களை மாற்றித் தைத்து அனுப்பினார்கள். "தினமும் நடக்கணும். கொஞ்சம் கொஞ்சமா கூட்டணும். நடக்காட்டி நான் செஞ்சதுக்கு அர்த்தமே இல்லை" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

டெல்மர் நடக்கவில்லை. ஜன்னலோரச் சாய்வுநாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தான். அவனுக்கு உயிரான, பன்றிக்கறிக் குழம்பு ஊற்றின பிஸ்கட் ரொட்டிக்குத் தடை போட்டுவிட்டார்கள். மற்ற எதையும் தொடமாட்டேன் என்றான். பக்கத்து வீட்டு லோனி வந்து, "டேய் டெல்மர், பலகை நட்டாச்சுடா! இந்தத் தடவை ஒண்ணு இல்ல, நாலு! ஒண்ணு அவன் தபால்பெட்டி மேலயே!" என்று சிரித்துச் சிரித்துச் சொன்னபோது, "ம்" என்றான். அவ்வளவுதான். லோனி தொப்பியைத் திருகிக்கொண்டு எழுந்து போனான். நெல்டா சமையலறையில் நின்று அந்த ஒற்றை "ம்"மைக் கேட்டாள். ஆஸ்பத்திரியில் கூட அவள் அப்படிப் பயந்ததில்லை. இந்த மனுஷன் அடுத்த செப்டம்பரைப் பார்க்கமாட்டான் என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது.

ஜனவரி இரண்டாம் வாரம் புதியவர்கள் வந்தார்கள். தலைமைப் பயிற்சியாளர் டில்லஹண்டி, அவருக்குக் கீழே பத்துப் பேர். மழையில் குடை பிடித்துக்கொண்டு நூற்றுக்கணக்கில் ஜனங்கள் விமானத்தளத்தில் நின்றார்கள். லோனி எடுத்த படத்தில் பதினோரு தலைகளும் ஈரத்தில் மங்கலாகத் தெரிந்தன. டெல்மரிடம் காட்டினான். டெல்மர் கண்ணைத் திறக்கவில்லை.

மறுநாள் நெல்டா சூப்பர்மார்க்கெட்டில் மாவு அடுக்கு முன்னால் ஒரு ஆளைப் பார்த்தாள். கதவு அகலத்துக்கு இருந்தான். தலையில் நாரைத் தொப்பி, புத்தம் புதுசு, விலைச்சீட்டு கூடக் கிழிக்கவில்லை.

"அம்மா, வெண்டைக்காய் பொரிக்க இதுல எது நல்லாருக்கும்?" என்று கேட்டான்.

அவள் எடுத்துக் கொடுத்தாள். பெயர் பர்ல் என்றும், முன்வரிசையில் நின்று எதிராளியை மறிக்கிற பையன்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்திருப்பதாகவும் சொன்னான். வீட்டுக்கு வந்து பையை வைத்துக்கொண்டே, சும்மா ஏதாவது பேசவேண்டுமே என்று, "உங்க ஆளு ஒருத்தனை இன்னிக்குப் பாத்தேன். பர்லாம்" என்றாள்.

அவள் வெங்காயத்தை எடுத்து வைத்தாள். பிறகு சன்னமாக ஒரு குரல் வந்தது.

"என்ன வாங்கினான்?"

இரண்டு மாதத்தில் அவன் கேட்ட முதல் கேள்வி அது. நெல்டா கையில் வெங்காயத்தோடு அப்படியே நின்றாள்.

"சோள மாவு. மூட்டையா வாங்கினான்."

"எவ்வளவு பெரிய மூட்டை?"

"இருபது பவுண்டு இருக்கும்."

டெல்மர் இரண்டு கண்களையும் திறந்தான். "அப்ப இருக்கறதுக்குத்தான் வந்திருக்கான். ஓடிப் போறவன் இருபது பவுண்டு மாவு வாங்கமாட்டான்." கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான். "வேற என்ன சொன்னான்?"

வேறு எதுவும் சொல்லவில்லை. ஆனால் நெல்டாவின் வாய் அவளைக் கேட்காமலே, "அதைத் தெருவோரத்து நம்ம தபால்பெட்டி வரைக்கும் நடந்து வந்தாச் சொல்றேன்" என்றது.

"சாகக் கிடக்கிறவன்கிட்ட பேரம் பேசறியா?"

"ஆமா. வேணும்னா வா, வேண்டாட்டிக் கிட."

வந்தான். போர்வையைப் போர்த்திக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் திட்டிக்கொண்டே தபால்பெட்டி வரை வந்தான். அவள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று முதல் பொய்யைச் சொன்னாள். முன்வரிசைப் பையன்கள் எல்லாரும் தினம் காலையில் தன் வீட்டுக்கு வந்துதான் சாப்பிடவேண்டும் என்று பர்ல் சட்டம் போட்டிருக்கிறானாம். அதற்குத்தான் அவ்வளவு மாவாம். டெல்மர் திரும்பி நடக்கும்போது திட்டவில்லை.

அன்றிலிருந்து தினம் ஒரு சேதி. முதலில் உண்மையும் கொஞ்சம் கலந்திருந்தது. கல்லாப் பெண் சொன்னது, சாப்பாட்டுக்கூடத்தில் காதில் விழுந்தது என்று எடுத்து வந்தாள். உண்மை சீக்கிரம் தீர்ந்துபோயிற்று. டெல்மருடைய நடையோ நீண்டுகொண்டே போனது. தபால்பெட்டியிலிருந்து லோனி வீடு, லோனி வீட்டிலிருந்து தேவாலயத்து மூலை, அங்கிருந்து வாய்க்கால் பாலம். பாலம் வரை நடக்கிறவனுக்குப் பாலம் வரை சேதி வேண்டாமா? நெல்டா சட்டி நிறையக் குழம்பு கிண்டிக்கொண்டே யோசித்தாள். டில்லஹண்டி கத்துவதே இல்லை, தாழ்ந்த குரலில்தான் பேசுவார், அதைக் கேட்கப் பையன்கள் எல்லாரும் அவரை ஒட்டி வந்து நிற்கிறார்கள் என்றாள். பந்து எறிகிற பையனைக் கண்ணைக் கட்டிவிட்டு எறியச் சொல்கிறார்கள், சத்தத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கிறான் என்றாள். சொல்லிவிட்டு, இரவு படுக்கையில் அந்தப் பையன் கண்கட்டோடு நிற்பதை அவளே பார்த்தாள். பந்து அவன் கையை விட்டுக் கிளம்பி, அவசரமே இல்லாமல், வயலுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

பிப்ரவரியில் எங்கள் பக்கம் மூடுபனி இறங்கும். வயலில் நிற்கிற தண்ணீரும் வானமும் ஒரே நிறமாகிவிடும். வாத்துகள் எங்கே மிதக்கின்றன, எங்கே பறக்கின்றன என்று தெரியாது. அப்படி ஒரு காலையில் பாலத்தின் மேல் நின்று நெல்டா தன் சேதிகளிலேயே பெரிய சேதியைச் சொன்னாள்.

"பர்ல் பசங்களை விடியறதுக்கு முன்னால வயலுக்குக் கூட்டிட்டுப் போறானாம். சேத்துல வரிசையா நிக்க வெச்சு நடக்கச் சொல்றானாம். ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது. மூச்சுச் சத்தம் மட்டும்தான். பன்னிரண்டு பேரும் ஒரே ஆளு மாதிரி அடியெடுத்து வைக்கிறாங்களாம். அந்தப் பன்னிரண்டு பேரைத் தாண்டி எவன் வர முடியும், சொல்லு?"

டெல்மர் சட்டென்று வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

"என்ன? நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல இல்ல. குளிரு." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பன்னிரண்டு பேருமா?"

"பன்னிரண்டு பேரும்."

"அருமை" என்றான் டெல்மர். "மேல சொல்லு."

அந்த வாரம் நெல்டா பீச் பழம் போட்டுக் காப்ளர் என்கிற இனிப்பைச் சுட்டு, பெரிய கண்ணாடித் தட்டோடு பர்ல் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள். புதிதாகக் குடிவந்தவர்களுக்குச் செய்கிற மரியாதைதான் அது. தட்டின் அடியில் அவள் பெயர் எழுதிய காகித நாடா ஒட்டியிருக்கும். அப்படி வாங்கிய தட்டை வெறுமனே திருப்பித் தரக்கூடாது. எதையாவது நிரப்பித்தான் தரவேண்டும். ஆறு பயிற்சியாளர் வீடுகளுக்குப் போன அவளுடைய ஆறு தட்டுகளில் ஒன்றும் திரும்பி வந்ததில்லை. அவசரமாக மூட்டை கட்டுகிறவர்கள் தட்டையா நினைப்பார்கள்? இந்தத் தட்டு வரும் என்று அவளுக்கு ஏனோ நிச்சயமாகத் தோன்றியது. தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டாள். ஊர்க்கிறுக்கு அவளையும் பிடித்துவிட்டது.

ஏப்ரலில் வசந்த ஆட்டம் வரும். அதில் எதிரி என்று யாரும் கிடையாது. நாரைகளே இரண்டாகப் பிரிந்து, வெள்ளைச் சட்டையும் செங்கல் நிறச் சட்டையும் போட்டுக்கொண்டு தங்களுக்குள் மோதுவார்கள். நாங்கள் நிச்சயமாக ஜெயிக்கிற ஆட்டம் வருஷத்தில் அது ஒன்றுதான். அதனால் கூட்டம் அலைமோதும். டெல்மர் தொப்பியை எடுத்து மாட்டியபோது, "நானும் வரேன்" என்றாள் நெல்டா. இருபத்திரண்டு வரிசைகளையும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினான். நான்கு இடத்தில் நின்று மூச்சு வாங்கினான். மேலே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்ததும் இருக்கைப் பலகையை உள்ளங்கையால் ஒருமுறை தடவினான். நெல்டா வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

அன்று வெயில் இதமாக இருந்தது. வெள்ளைச் சட்டைகள் ஏழு தடவை கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோய் வைத்தார்கள். கூட்டம் ஒவ்வொரு தடவையும் எழுந்து குதித்தது.

"பாத்தியா நெல்டா! ஏழு தடவை! யாராலயும் நிறுத்த முடியல!"

"யாரால நிறுத்த முடியல?"

"அந்தச் செங்கல் சட்டைக்காரங்களால."

"அவங்க யாரு?"

"நம்ம பசங்கதான்."

நெல்டா யோசித்தாள். "அப்ப நம்ம பசங்களுக்கு நிறுத்தத் தெரியலைன்னு அர்த்தமில்லையா?"

இருபத்திரண்டாம் வரிசையே அவளைத் திரும்பிப் பார்த்தது. லோனி முன்னால் குனிந்து பொறுமையாகச் சொன்னான்: "நெல்டா, இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் ஏப்ரல்ல கேக்கக்கூடாது. நவம்பர்ல கேக்கலாம்."

அதுவும் சரிதான் என்று அவளுக்குப் பட்டது. எட்டாவது தடவை கோட்டைத் தாண்டியபோது அவளும் எழுந்து நின்று கத்தினாள். முப்பத்தெட்டு வருஷம் கத்தாத கத்தல். லோனி காதைப் பொத்திக்கொண்டான்.

ஜூன் மாதத்தில் ஒரு காலை, டெல்மர் நடக்கப் போயிருந்த நேரம், பர்லின் மனைவி ஜோலின் வாசலில் வந்து நின்றாள். கையில் நெல்டாவின் கண்ணாடித் தட்டு, அதில் சுடச்சுடச் சோள ரொட்டி. கக்கத்தில் பாதி காலியான மாவு மூட்டை.

"மிஸ் நெல்டா, இதை உங்ககிட்டக் கொடுக்காம போக மனசு வரல" என்றாள். "பெரிய காலேஜ் ஒண்ணுலேருந்து அவரைக் கூப்பிட்டுட்டாங்க. நாளைக்கித்தான் பேப்பர்ல வரும். மாவு மிச்சமாயிடுச்சு. உங்களுக்காவது உதவுமேன்னு..."

"ஒரு ஆட்டம் கூட ஆடலையேம்மா" என்றாள் நெல்டா.

"எனக்கும் இந்த ஊர் பிடிச்சிருந்துச்சு மிஸ் நெல்டா" என்றாள் ஜோலின். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. கட்டிப்பிடித்துவிட்டுப் போய்விட்டாள்.

நெல்டா ரொட்டித் தட்டை அடுப்புக்குள் வைத்துக் கதவை மூடினாள். மாவு மூட்டையைப் பாத்திரம் கழுவுமிடத்துக்கு அடியில் தள்ளினாள். அந்த இருபது பவுண்டு மாவை நம்பித்தானே அந்த மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்தான்? இன்றைக்கு எதையாவது சொல்லவேண்டும். நாளைப் பேப்பரையும் ஒளித்துவிடலாம். லோனி வாயை எதைக்கொண்டு அடைப்பது? இத்தனைக்கும் நடுவில் மூடுபனியில் நடந்து வந்த அந்தப் பையன்களை இனி யார் கூட்டிப்போவார்கள் என்று நினைத்தாள். தான் கட்டிய கதை என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது.

டெல்மர் வியர்வையோடு வந்து வாசற்படியில் உட்கார்ந்தான். அவள் இனிப்புத் தேநீரை அவனிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பர்ல் இன்னிக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"பர்ல் வீட்டு வாசல்ல லாரி நிக்குது" என்றான் டெல்மர்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"நான் தினம் அந்த வழியாத்தானே நடக்கறேன்."

"அது ஒண்ணரை மைல் ஆச்சே!"

"போறதுக்கு மட்டும் ஒண்ணரை."

நெல்டா முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "தினம் அந்த வீட்டைப் பாத்தியா? அப்ப காலையில பசங்க சாப்பிட வர்றதா நான் சொன்னது..."

"ஒரு பய வந்ததில்ல."

"மத்ததெல்லாம்?"

"எதைக் கேக்கறே? மூடுபனியில பன்னிரண்டு பேரு நடந்தாங்களே, அதையா?"

"அதுல என்ன?"

"ஆட்டத்துல பக்கத்துக்குப் பதினொரு பேருதான் நெல்டா. பன்னிரண்டாவது ஆளு உள்ள வந்தா அணிக்கே தண்டனை குடுப்பாங்க." நெஞ்சுத் தையல் மேல் கையை வைத்துக்கொண்டு சிரித்தான். பிப்ரவரியிலிருந்து அடக்கி வைத்த சிரிப்பு.

அவளுக்குக் காது வரை சூடேறியது. "முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல, பாவி மனுஷா! நான் அடுப்படியில நின்னு மண்டையைப் பிச்சுக்கிட்டுக் கதை கட்டறேன்..."

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பே." டெல்மர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தான். சிரிப்பு போய்விட்டது. "ஆறு பேரைப் பாத்தாச்சு நெல்டா. ஏழாவது ஆளு வந்து என்னத்தைக் கிழிச்சிடப் போறான்? இந்த வீட்டுல முப்பத்தெட்டு வருஷமா நான்தான் தனியா நாரைகளைப் பத்திப் பேசிட்டிருந்தேன். திடீர்னு நீ பேச ஆரம்பிச்சே. நாளைக்கி என்ன சொல்லப் போறேன்னு கேக்கணும்னு இருந்துச்சு. அதுக்குத்தான் எந்திரிச்சேன். அந்த மாவு மூட்டைக்காக இல்ல."

நெல்டா அழுதாள். மறைக்கவில்லை. பிறகு எழுந்து போய் அடுப்பிலிருந்து ரொட்டியை எடுத்து வந்தாள். இரண்டு பேரும் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு பிய்த்துத் தின்றார்கள்.

"அந்த இடத்துக்கு யாரு வர்றான்?" என்று கேட்டான் டெல்மர்.

"எனக்கென்ன தெரியும்?"

"சூப்பர்மார்க்கெட்டுல போய்ப் பாரு. எதை வாங்கறான்னு பாத்துட்டு வா."

செப்டம்பர் முதல் சனிக்கிழமை சூப்பர்மார்க்கெட்டில் கல்லாப் பெண் ஆளில்லாமல் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். நெல்டா இருபத்திரண்டாம் வரிசையில் இருந்தாள். டெல்மர் இந்தத் தடவை ஓர் இடத்தில்தான் நின்று மூச்சு வாங்கினான். கீழே புது முன்வரிசைப் பயிற்சியாளர் குச்சி மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"அரை டஜன் முட்டைதான் வாங்கினான்" என்றாள் நெல்டா கவலையோடு.

"கெட்டிக்காரன்" என்றான் டெல்மர். "வீணாக்கமாட்டான்."

நாரைகள் வந்து வரிசை கட்டின. நெல்டா விரலை நீட்டி ஒவ்வொரு தலையாக எண்ணினாள்.

"பதினொண்ணு. சரியா இருக்கு."

டெல்மர் அவள் நீட்டிய விரலைப் பிடித்து, வயல்வெளிப் பக்கம் திருப்பினான். அங்கே காலைப் பனி இன்னும் முழுசாகக் கலையவில்லை.

"அந்தப் பன்னிரண்டாவது ஆளையும் சேத்து எண்ணு" என்றான். "ஆட்டம்தான் இன்னும் ஆரம்பிக்கலையே."